எழுதுவோர்க்கு எளிமையும் ஏட்டிற்குத் தூய்மையும்: கணிப்பொறித் தமிழ் ஆவணங்கள் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

திருமறையின் முதல் வெளிப்பாடே ஓதுதலையும் எழுதுகோலையும் சிறப்பித்துக் கூறுவதாகும். எழுதுகோல் மாந்தன் கைக்கு வந்த நாள் முதலாக எழுதுவோனுக்கும் படிப்போனுக்கும் இடையே ஓயாத வழக்கொன்று நிகழ்ந்து வருகிறது. எழுதுவோன் விரைவையும் எளிமையையும் விரும்புகிறான். படிப்போன் தெளிவை நாடுகிறான். கணிப்பொறி வந்த பிறகு இவ்வழக்கில் மூன்றாமவர் ஒருவரும் சேர்ந்துகொண்டார். நாம் எழுதியதை வேறோர் ஊரில், வேறொரு பொறியில், இருபது ஆண்டுகள் கழித்துத் திறந்து பார்ப்பவரே அவர். அவருக்கும் அவ்வெழுத்து எழுத்தாகவே தெரிய வேண்டும்.

எழுதுவோரின் வசதியும், எழுதப்பட்ட ஆவணத்தின் தூய்மையும், எங்கும் பொருந்தும் தன்மையும் ஒன்றோடொன்று இணங்குமா என்பதே இக்கட்டுரையின் வினா. ஆங்கிலத்திலும் இவ்வினா உண்டு. எனினும் கடந்த நாற்பது ஆண்டுகளில் தமிழ் பட்ட பாட்டைப் போல் இதற்குத் தெளிவான சான்று வேறு காண்பது அரிது. ஆதலின் கணிப்பொறித் தமிழின் வரலாற்றையே களமாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

ஏட்டுச் சுவடி காட்டும் பாடம்

இச்சிக்கல் கணிப்பொறியோடு பிறந்ததன்று. பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதிய நம் முன்னோர் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இடுவதைப் பெரும்பாலும் தவிர்த்தனர். புள்ளியிட்டால் ஓலை பொத்துப் போகும். எழுதும் விரைவும் குறையும். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் ஏடுகளில் வேறுபாடு தோன்றாது. எழுதியவர்க்கு அது எளிதாயிற்று. பின்னாளில் அச்சுவடிகளைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் போன்ற பேரறிஞர்களோ ஒவ்வோர் எழுத்தும் மெய்யா உயிர்மெய்யா, குறிலா நெடிலா என்று ஆராய்ந்து உழைக்க நேர்ந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் (1680-1747) எகர ஒகர வரிசைகளில் குறிலுக்கும் நெடிலுக்கும் வடிவ வேறுபாடு அமைத்தார். எழுதுவோர்க்கு அதனால் சிறு சுமை கூடியது. படிப்போர்க்குப் பெரும் சுமை நீங்கியது. எழுதும்போது ஒருவர் ஒருமுறை தவிர்க்கும் உழைப்பைப் படிப்போர் பலர் பலமுறை செலுத்த வேண்டிவரும் என்பதே ஏட்டுச் சுவடிகள் நமக்குக் கற்பிக்கும் முதற் பாடம்.

தட்டச்சுப் பொறியின் வரவு

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆகத் தமிழ் எழுத்துகள் 247 என்பதை மாணவர் அறிவர். தட்டச்சுப் பொறியிலோ ஐம்பதை எட்டாத விசைகளே உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆர். முத்தையா எழுத்துகளைத் துண்டுகளாகப் பகுத்து, அத்துண்டுகளை விசைகளில் அமைத்து இந்த இடர்ப்பாட்டை வென்றார். கொம்பு ஒரு துண்டு, கால் ஒரு துண்டு, மெய்யின் வடிவம் ஒரு துண்டு. 'கொ' என்று பதிக்கக் கொம்பு, ககரம், கால் என மூன்று விசைகளை இடமிருந்து வலமாகத் தட்ட வேண்டும்.

இதனை எள்ளி நகையாடுதல் கூடாது. இரும்புப் பொறிக்கு அது ஒன்றே வழி. தாளில் விழுந்த எழுத்தே முடிந்த முடிபு. அதற்கு அப்பால் எவரும் அதனைத் தேடவோ அகரவரிசைப்படுத்தவோ போவதில்லை. 1978ஆம் ஆண்டில் தமிழக அரசு, பெரியார் வலியுறுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தில் 13 வடிவங்களை ஏற்று ஆணையிட்டது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியன ஒரே சீரான உறுப்புகளால் அமைந்தமையால் தட்டச்சும் அச்சுக்கோப்பும் மேலும் எளிமையுற்றன.

எழுத்துருக்களின் காலம்

கணிப்பொறி வந்தபோது தட்டச்சரின் பழக்கம் அப்படியே உடன் வந்தது. 1980களிலும் 1990களிலும் தமிழார்வலர் பலர் தத்தம் முயற்சியால் தமிழ் எழுத்துருக்களையும் மென்பொருள்களையும் உருவாக்கினர். மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரத்தின் மயிலை எழுத்துரு, இலங்கையிலும் தமிழகத்திலும் பரவிய பாமினி ஆகியன அவற்றுட் சில. அவர்தம் தொண்டு இல்லையேல் கணிப்பொறியில் தமிழ் இத்துணை விரைவில் தழைத்திராது.

எனினும் அவ்வெழுத்துருக்களின் உள்ளமைப்பை ஈண்டு நோக்குதல் வேண்டும். அவற்றுட் பல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவையே. பாமினியில் 'அம்மா' என்று எழுதுவோன் தட்டுவன எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து ஆங்கில விசைகள். திரையில் 'அம்மா' தோன்றுகிறாள். கோப்பிலோ அந்த ஐந்து ஆங்கிலக் குறிகளே கிடக்கின்றன. எழுத்துருவை மாற்றியவுடன் தாய் மறைந்து பொருளற்ற குறிகள் எஞ்சுகின்றன. ஓர் எழுத்துருவில் எழுதியதை மற்றோர் எழுத்துருவில் திறந்தால் வேறு வகைக் குழப்பம். எழுதுவோர்க்கு எளிமை, அச்சில் அழகு, கோப்பில் குழப்பம் என்பதே அக்காலத்தின் இலக்கணம் எனலாம்.

தாளில் அச்சிட்டு முடித்தால் இதனால் தீங்கில்லை. ஆனால் ஆவணம் தாளோடு நிற்பதில்லை. ஆய்வேடு ஒன்றில் 'சீறாப்புராணம்' என்னும் சொல் எத்தனை இடங்களில் வருகிறது என்று தேடும் மாணவனுக்கு அக்கோப்பு விடை தாராது. பார்வையற்ற மாணவர்கள் திரைபடிப்பு மென்பொருளின் துணையால் பயில்கின்றனர். அம்மென்பொருள் வடிவத்தைப் படிப்பதில்லை. உள்ளே இருக்கும் குறியைத்தான் படிக்கும். நமக்குத் தெளிந்த தமிழாகத் தோன்றும் பாடம் அவர் செவியில் பொருளற்ற ஆங்கில எழுத்தொலிகளாக விழும். நம் வசதிக்காக ஒருவரின் கல்விக் கதவை அடைத்துவிடுகிறோம் என்பதை உணர்ந்தால் இது தொழில்நுட்பச் சிக்கல் மட்டுமன்று, அறச் சிக்கலும் ஆம் என்பது விளங்கும்.

ஒருமைப்பாட்டை நோக்கி

இக்குழப்பத்தை நீக்க அறிஞர்கள் பலமுறை கூடினர். 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ் இணைய மாநாடு கூடிற்று. அக்காலத்தில் பல நாட்டுத் தமிழரும் மின்னஞ்சல் வழியே கலந்துரையாடி 'டிஸ்கி' என்னும் குறியீட்டு முறையை வகுத்தனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டின் பயனாகத் 'தமிழ் 99' விசைப்பலகையும், 'டாம்', 'டாப்' என்னும் குறியீட்டு முறைகளும் தமிழக அரசின் ஏற்பைப் பெற்றன. 2000இல் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது.

டிஸ்கி, டாப் ஆகியவற்றில் இருந்த இடங்கள் 256. அவற்றுள் 128 ஆங்கிலத்திற்கும் பொதுக் குறிகளுக்கும் உரியன. எஞ்சிய 128 இடங்களில் 247 எழுத்துகளும் அடங்கா. ஆதலின் அங்கும் எழுத்துத் துண்டுகளே இடம்பெற்றன. கொம்பு முன்னும் மெய் பின்னுமாகக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே அவை சேமிக்கப்பட்டன.

உலக மொழிகள் அனைத்திற்கும் ஒரே குறியீட்டு முறையாகிய ஒருங்குறி 1991இல் வெளிவந்தது. அதில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி ஒதுக்கப்பட்டது. விண்டோஸ் 2000 இயங்குதளம் 'லதா' எழுத்துருவுடன் தமிழ் ஒருங்குறியை ஏற்ற பிறகு அது மெல்லப் பரவிற்று. 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்ற வேளையில், தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது. ஒருங்குறி இயங்காத இடங்களில் 'டேஸ் 16' என்னும் முறையைப் பயன்படுத்தலாம் என்றும் ஆணையிட்டது.

மெய் முன்னா? கொம்பு முன்னா?

ஒருங்குறியின் அடிப்படை வேறுபாடு ஒன்று தமிழ் மாணவர்க்கு மிகவும் சுவையானது. 'கெ' என்னும் எழுத்தில் கண்ணுக்கு முதலில் தோன்றுவது கொம்பு. ஒருங்குறிக் கோப்பிலோ முதலில் ககரம், அதன்பின் எகரக் குறி என்ற வரிசையே உண்டு. திரையில் காட்டும்போது கொம்பை இடப்பக்கம் கொண்டுவந்து நிறுத்துவது எழுத்துருவின் பணி.

இது ஏதோ வேற்றுநாட்டு விதி என்று கருதுவாரும் உளர். உயிர்மெய்யில் மெய்யின் ஒலி முன்னும் உயிரின் ஒலி பின்னும் நிற்கும் என்று தொல்காப்பிய நூன்மரபு கூறுவதை ஓர்ந்தால், ஒருங்குறியின் வரிசை தமிழிலக்கண வரிசையே என்பது புலனாகும். தட்டச்சுப் பொறி கண்ணின் வரிசையைப் பின்பற்றியது. ஒருங்குறி செவியின் வரிசையைப் பின்பற்றுகிறது. தேடலுக்கும் அகரவரிசைக்கும் ஒலிவரிசையே உகந்தது. தாய்லாந்து மொழிக்கு அந்நாட்டார் வழக்கத்தை ஒட்டிக் கண்ணின் வரிசையே ஒருங்குறியிலும் ஏற்கப்பட்டது. அதனால் அம்மொழிச் சொற்களை அகரவரிசைப்படுத்தும்போது குறிகளை இடம் மாற்றிக் கணக்கிட வேண்டியுள்ளது.

ஒருங்குறியின் மீது குறைகூறுவோரின் வாதத்தையும் நடுநிலையோடு கேட்டல் வேண்டும். 'தமிழ்' என்பது நமக்கு மூன்றெழுத்து; ஒருங்குறியில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனியிடம் இருப்பின் இடமும் கணக்கீடும் குறையும் என்பது அவர்கள் கருத்து. டேஸ் 16 அக்கருத்தின் விளைவே. இலக்கண நோக்கில் அது சீர்மை உடையதே. ஆயினும் அது ஒருங்குறியில் தனியார் பயன்பாட்டிற்கென விடப்பட்ட பகுதியில் அமைந்தது. அப்பகுதியில் உள்ள குறி எம்மொழிக்குரியது என்று பிற மென்பொருள்கள் அறியா. சீர்மை மிக்கதாயினும் பிறர் அறியாத முறை பொதுவழக்கிற்குப் பயன்படுதல் அரிது. மேலும், ஒருமுறை ஒதுக்கிய இடத்தை மாற்றுவதில்லை என்பது ஒருங்குறியின் உறுதியான நெறி. அந்நெறியே பழைய ஆவணங்களுக்குக் காப்பு.

மூன்று அடுக்குகள்

வசதிக்கும் தூய்மைக்கும் உள்ள பூசலைத் தீர்க்கும் திறவுகோல் யாது? எழுத்துவேலையை மூன்று அடுக்குகளாகப் பிரித்தறிதலே அது. விரலுக்கு உரியது விசைப்பலகை. சேமிப்புக்கு உரியது குறியீடு. கண்ணுக்கு உரியது எழுத்துரு. பழைய முறைகள் இம்மூன்றையும் ஒன்றாகப் பிணைத்திருந்தன. விசையை மாற்றினால் குறியீடு மாறும். எழுத்துருவை மாற்றினால் பொருளே மாறும். அடுக்குகளைப் பிரித்தபின் ஒன்றன் வசதி மற்றொன்றன் தூய்மையைக் கெடுக்காது.

நெய்வேலி நகரியத்தில் வாழும் நமக்கு அடுக்குகளைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. மேல்மண், அதன் கீழ்ப் பழுப்பு நிலக்கரி, அதற்கும் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீர் என ஒவ்வோர் அடுக்கையும் அதனதன் முறைப்படி கையாண்டதனாலேயே 1957 முதல் இங்கே அகழ்வு நடைபெற்று வருகிறது. மண்ணை அகற்றும் சக்கர அகழ்பொறி நீரை இறைக்க உதவாது. நீரிறைக்கும் குழாய் மண்ணை அகற்றாது. எழுத்திலும் அவ்வாறே.

தமிழ் 99 விசைப்பலகை இதற்கு நற்சான்று. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் ஆக 31 எழுத்துகளைக் கொண்டே 247 எழுத்துகளையும் அதில் எழுதலாம். இடக்கை உயிருக்கும் வலக்கை மெய்க்கும் உரியன. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலதற்குத் தானே புள்ளி விழும். நகரத்தை அடுத்துத் தகரம் தட்டினால் 'ந்த' எனத் தானே அமையும். விரலுக்கு இத்துணை எளிமை. கோப்பிலோ தூய ஒருங்குறி. பழைய தட்டச்சுப் பழக்கம் உடைய பெரியவர்கள் அப்பழக்கத்தையும் கைவிட வேண்டுவதில்லை. எ-கலப்பை, அழகி, என்.எச்.எம். எழுதி போன்ற கருவிகள் பல விசைமுறைகளுக்கு இடமளித்தன. கைகள் வெவ்வேறு வழியில் இயங்கினும் கோப்பில் சேர்வது ஒரே எழுத்து.

அரபுத் தமிழும் அரபி எழுத்தும்

இவ்விடத்தில் நம் சமுதாயத்தின் இலக்கிய மரபிலிருந்தே ஓர் ஒப்பீடு காட்டலாம். அரபி நெடுங்கணக்கின் எழுத்துகள் 28. ட, ண, ள, ழ, ங போன்ற தமிழ் ஒலிகளுக்கு அதில் எழுத்தில்லை. நம் முன்னோர் இருக்கும் எழுத்துகளோடு புள்ளிகளும் குறிகளும் சேர்த்துப் புதிய எழுத்துகள் கண்டு அரபுத் தமிழை வளர்த்தனர். கீழக்கரையில் வாழ்ந்த இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) போன்ற சான்றோர் அதில் மார்க்க நூல்கள் யாத்தனர். திருமறை ஓதக் கற்ற சிறுவர்க்கும் பெண்டிர்க்கும் அவ்வெழுத்து மிக எளிது; தமிழெழுத்து அறியாதாரும் தமிழில் கல்வி பெற அது வழி செய்தது. இது அதன் பெரும் புகழ்.

ஆயினும் காலம் மாறியது. அவ்வெழுத்தை அறிந்தோர் அருகினர். அந்நூல்களுட் பல இன்று நம் சமுதாயத்தாராலேயே படிக்க இயலாத நிலையில் உள்ளன. தமிழெழுத்தில் உமறுப்புலவர் பாடிய சீறாப்புராணமோ 1842இல் அச்சேறித் தமிழுலகம் முழுவதற்கும் உரியதாயிற்று. ஒரு வட்டத்தார்க்கு மட்டும் எளிதான எழுத்துமுறை, அவ்வட்டம் சுருங்கும்போது பூட்டிய பேழையாகிவிடும். திறவுகோலை உடன் விட்டுச் செல்லுதல், அதாவது தமிழெழுத்திற்கு மாற்றிப் பதிப்பித்தல், பின்வந்தோர் கடமையாகும். பழைய எழுத்துருக் கோப்புகளுக்கும் இதே நிலைதான்.

அரபி எழுத்திலும் ஓர் உண்மை உண்டு. ஓர் எழுத்து தனித்தும், சொல் முதலிலும், இடையிலும், கடையிலும் நிற்கும்போது வெவ்வேறு வடிவம் பெறும். ஒருங்குறி அவ்வெழுத்திற்கு ஒரே குறியே வழங்குகிறது. இடத்திற்கேற்ற வடிவத்தை எழுத்துரு தேர்கிறது. தமிழ்க் கட்டுரையின் நடுவே வலமிருந்து இடமாக ஓடும் அரபித் தொடர் வரினும், கோப்பில் இரண்டும் ஓதும் வரிசையிலேயே நிற்கும். திரையில் திசை மாற்றுவது மென்பொருளின் வேலை. 'எழுத்து ஒன்று, வடிவம் பல' என்னும் இக்கொள்கையே தமிழின் கொம்புக்கும் அரபியின் இணைவெழுத்துக்கும் பொதுவாக நிற்கிறது.

ஒருங்குறி மட்டும் போதுமா?

ஒருங்குறியில் எழுதிவிட்டாலே தூய்மை வந்துவிடும் என்று எண்ணுதல் கூடாது. கண்ணுக்கு ஒன்றாகவும் கோப்பில் வேறாகவும் அமையும் இடங்கள் தமிழில் பலவுண்டு. ஔகாரக் குறிக்கு மாறாகக் கொம்பும் ளகரமும் தட்டுதல் பெருவழக்கு. 'கௌரவம்' என்பதைக் 'கெளரவம்' என்று தட்டினால் கண் ஏமாறும், தேடல் ஏமாறாது. கால் குறிக்கு மாறாக ரகரம் தட்டுதல், 'க' என்னும் எழுத்திற்கு மாறாக அதனையொத்த தமிழ் எண்ணாகிய ஒன்றினை இடுதல் ஆகியனவும் இத்தகையன. 'கொ' என்பதை ககரமும் ஒகரக் குறியுமாகவும், ககரம், கொம்பு, கால் என மூன்றாகவும் சேமிக்கலாம். இவ்விரண்டும் சமம் என்பது ஒருங்குறியின் விதி. அவ்விதியைப் பின்பற்றாத மென்பொருள் தேடலில் தவறிவிடும்.

பெயர்களின் சிக்கல் வேறு. முஹம்மது, முகம்மது, முகமது என ஒரே பெயர் மூன்று வகையாக எழுதப்படுகிறது. பிறப்புச் சான்றில் ஒன்றும் மதிப்பெண் சான்றில் மற்றொன்றுமாக அமைந்தால் மாணவன் அலைய நேரிடும். இதற்குக் குறியீட்டு முறை மருந்தாகாது. ஒரு பெயருக்கு ஓர் எழுத்துவடிவம் என்று தேர்ந்து, எல்லாப் பதிவேட்டிலும் அதனையே காப்பது குடும்பத்தாரும் பள்ளியும் ஜமாஅத்தும் கொள்ள வேண்டிய ஒழுங்கு.

ஆவணத்தின் உள்ளமைப்பு

எழுத்துக்குக் கூறியது ஆவணத்தின் அமைப்புக்கும் பொருந்தும். தலைப்பை நடுவில் நிறுத்த இடைவெளி விசையைப் பலமுறை தட்டுவோர் பலர். புதிய பக்கத்திற்குச் செல்ல வரிவிசையை இருபது முறை தட்டுவோரும் உளர். கண்ணுக்கு அது சரியே. தாளின் அளவோ எழுத்தின் அளவோ மாறியவுடன் தலைப்பு விலகும், பக்கம் சிதறும். 'இது தலைப்பு', 'இது மேற்கோள்', 'இது அடிக்குறிப்பு' என்று மென்பொருளில் உள்ள பாணிகளைக் கொண்டு குறித்தல் தூய வழி. அவ்வாறு குறித்தால் பொருளடக்கத்தை மென்பொருளே ஆக்கித் தரும். தோற்றத்தை ஓரிடத்தில் மாற்றினால் நூல் முழுவதும் மாறும்.

அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு நூத் 1978இல் உருவாக்கிய 'டெக்' என்னும் மென்பொருளிலும், அதன்மேல் எழுந்த 'லாடெக்' மென்பொருளிலும் ஆசிரியர் அமைப்பைக் கட்டளைகளால் குறிப்பார். அச்சழகைப் பொறி கவனித்துக்கொள்ளும். கோப்பு வெறும் எழுத்துகளால் ஆனதாதலின் நெடுங்காலம் நிற்கும். ஆனால் கற்பது கடினம். திரையில் காண்பதே அச்சில் வரும் மென்பொருள்கள் கற்பதற்கு எளியன. ஆயின் எழுதுவோன் அறியாமலே பல மறைகுறிகளைக் கோப்பில் திணித்துவிடும். இரண்டிற்கும் நடுவழி, திரைவசதி உள்ள மென்பொருளையே பாணிகளோடு ஒழுங்காகப் பயன்படுத்தி, 2006இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்ட திறந்த ஆவண வடிவம் போன்ற பொதுவடிவில் சேமித்தலாகும்.

நாம் செய்யத்தக்கன

மேற்கூறியவற்றால் துறையும் மாணவரும் மேற்கொள்ளத்தக்க நெறிகள் சில பெறப்படுகின்றன.

1. கட்டுரை, ஆய்வேடு, மலர் ஆகிய அனைத்தையும் தொடக்கத்திலேயே ஒருங்குறியில் எழுதுதல். அச்சகத்தார் பழைய எழுத்துரு கேட்பின் அச்சுக்கு மட்டும் மாற்றித் தந்து, மூலத்தை ஒருங்குறியிலேயே காத்தல்.

2. பழைய எழுத்துருக் கோப்புகளை மாற்றிக் கருவிகளால் ஒருங்குறிக்குக் கொணர்ந்து, வரி வரியாகச் சரிபார்த்தல். எந்த எழுத்துருவில் இருந்தது என்னும் குறிப்பையும் உடன் வைத்தல்.

3. மெய்ப்புப் பார்ப்போர் கண்ணை மட்டும் நம்பாது, சில சொற்களைத் தேடிப் பார்த்தும், திரைபடிப்பு மென்பொருளால் கேட்டும் சோதித்தல்.

4. தலைப்பு முதலியவற்றைப் பாணிகளால் குறித்தல்.

5. தமிழ் 99 விசைப்பலகையை முதலாண்டிலேயே பயிற்றுவித்தல்.

இரண்டாம் நெறி வீண் உழைப்பு என்பார்க்கு மதுரைத் திட்டம் விடை கூறும். 1998 பொங்கலன்று தொடங்கிய அம்முயற்சியில் பல நாட்டுத் தன்னார்வலர் தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு இலவசமாக வழங்கினர். முதலில் எழுத்துருக் குறியீடுகளிலும், பின்னர் டிஸ்கியிலும், அதன்பின் ஒருங்குறியிலும் நூல்களை மாற்றி மாற்றி அவர்கள் காத்தனர். அவ்வுழைப்பு இல்லையேல் முதலில் உள்ளிட்ட நூல்கள் இன்று திறக்கப்படாக் கோப்புகளாகவே கிடந்திருக்கும்.

முடிவுரை

எழுதுவோரின் வசதியும் ஆவணத்தின் தூய்மையும் பகையல்ல. வசதியை விசைப்பலகையிலும், அழகை எழுத்துருவிலும் தேடி, சேமிப்பில் மட்டும் சலுகை காட்டாதிருந்தால் இரண்டும் ஒருங்கே கிட்டும். அச்சான மலர் ஆண்டு விழாவோடு அலமாரிக்குச் செல்லும். அதன் கோப்பு தூயதாயின், இன்று பிறக்காத மாணவன் ஒருவன் அதில் தன் ஊரின் பெயரையும் தன் பாட்டனார் பெயரையும் தேடிக் கண்டெடுப்பான். 1998இல் தொடங்கிய புத்தகக் கண்காட்சியால் நூல் வாசிப்பைப் பேணி வரும் இந்நகரியத்தில் பயிலும் நாம், படிப்பதில் காட்டும் ஆர்வத்தை எழுதிவைக்கும் முறையிலும் காட்டுவோமாக. கல்வியைப் பகிர்வது அறம். பகிரத்தக்க வடிவில் அதனைக் காத்து வைப்பதும் அவ்வறத்தின் பகுதியே ஆகும்.